கங்காணியாரின் முழங்காலுக்கு ஒரு தலையணை

பிசியோ மிஸ் சிங்களத்தில் சொன்னதையெல்லாம் கலாராணி ஒரு சொல் சிந்தாமல் கேட்டுக்கொண்டாள். பதுளை ஆஸ்பத்திரியில், முழங்காலில் ஆப்பரேசன் முடிந்து கிடந்த மாமனாரின் கட்டிலுக்குக் கால்மாட்டில், துணிப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். வலிக்கும், அழுவார், திட்டுவார், அதைப் பார்த்து இரக்கப்பட்டுவிடாதே என்றாள் மிஸ். காலையும் மாலையும் வாக்கரைப் பிடித்து நடக்க வைக்க வேண்டும். கட்டில் விளிம்பில் உட்கார வைத்து, மடங்குகிற மட்டும் காலை மடக்க வேண்டும். படுத்திருக்கும்போது முழங்காலை மெத்தையோடு அழுத்தி நீட்டப் பழக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை இங்கே கூட்டி வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கவே கூடாது. வைத்தால் சுகமாகத்தான் இருக்கும். அந்தச் சுகத்திலேயே கால் வளைந்தபடி இறுகிவிடும். இந்த முதல் வாரங்கள் போனால் போனதுதான், பிறகு எந்த டொக்டராலும் நிமிர்த்த முடியாது.

"விளங்கிச்சா?" என்று கடைசியில் தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லில் கேட்டாள் மிஸ்.

"விளங்கிச்சு மிஸ்."

மிஸ் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். படுத்துக்கிடந்த ரெங்கசாமிக் கங்காணி மருமகளை ஒரு கண்ணால் பார்த்தார். அவருக்குச் சிங்களம் சந்தையில் மீன் வாங்குகிற அளவுக்குத்தான்.

"என்னா சொல்லுது அந்தப் புள்ள, இம்புட்டு நேரமா?"

கலாராணி வாயைத் திறந்தாள். உள்ளதைச் சொல்லத்தான் திறந்தாள். வந்தது வேறு.

"நல்லா படுத்து ரெஸ்ட் எடுக்கச் சொல்றாங்க மாமா. கால அசைக்கவே கூடாதாம்."

"அதானே. கத்தி வச்ச ஒடம்பில்ல," என்று கங்காணி கண்ணை மூடிக்கொண்டார்.

பொய் சொன்ன வாய் அவளுக்கே யாருடைய வாயோ போலிருந்தது. ஆட்டோவில் போகும்போது திருத்திச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். பதுளை டவுன் பின்னால் போனது. நமுனுகுல மலை பனிக்குள் தலையைச் சொருகிக்கொண்டு நின்றது. ஒவ்வொரு வளைவிலும் சொல்ல நினைத்தாள். ஒவ்வொரு வளைவிலும் கிழவர், "ஏய், காலப் புடிடி! புடிக்கத் தெரியாதவ எதுக்கு வந்த?" என்று கத்தினார். தோட்டத்து வரிசை வீடுகளான லயம் வந்துவிட்டது.

கலாராணிக்கு நாற்பது வயது. ஸ்பிரிங்வெளிப் பக்கத்து லயமொன்றில் பிறந்தவள். படிப்பு பாதியில் நின்றபோது பண்டாரவளையில் ஒரு சிங்கள வாத்தியார் வீட்டில் பிள்ளை பார்க்க விட்டார்கள். பாஷை அங்கே ஒட்டிக்கொண்டது. பிறகு கலியாணம் அவளை நமுனுகுலப் பக்கம் கொண்டுவந்தது. புருஷன் புவனேந்திரன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்துரொட்டி போடுகிறான். மகன் ஜீவனும் வளர்ந்ததும் தகப்பனோடு போய்விட்டான். மாமியார் செத்த பிறகு ஓர் அறையும் குசினியும் முன்பக்க இஸ்தோப்புத் திண்ணையுமான அந்த வீட்டில் மிஞ்சியது அவளும் மாமனாரும் மாமனாரின் குரலும்.

அந்தக் குரலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரெங்கசாமி தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக வேலையில் இருந்த காலத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று ஆள் கூப்பிட்டால் எதிர்மலையில் படுத்திருக்கிற நாய் எழுந்து நிற்கும் என்பார்கள். யாரையும் அடித்ததில்லை. அடிக்கத் தேவை இருக்கவில்லை. கொழுந்து பறிக்கும் பெண்களுக்குப் பின்னால் நடந்தபடி, ஒவ்வொருத்திக்கும் எங்கே நோகும் என்று பார்த்து அந்த இடத்துக்கு ஒரு பேர் வைப்பார். பிள்ளை இல்லாதவளுக்கு ஒன்று. புருஷன் விட்டுப் போனவளுக்கு ஒன்று. மலையில் வைத்த பேர் பொழுது சாய்வதற்குள் லயத்துக்கு வந்துவிடும். சின்னப் பிள்ளைகள்கூட அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடும். கொழுந்து கொஞ்சம் குறைந்தால் அரைப்பேர், அதாவது நாள் முழுக்க நின்றவளுக்குப் பாதி நாள் கணக்கு. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் மெத்தென்றிருக்கும். சிரித்துக்கொண்டே சொல்வார்.

வேலையிலிருந்து நின்ற பிறகும் கோயில் தலைவர் அவர்தான். மாரியம்மன் தேர் லயங்களைச் சுற்றி வரும்போது வெள்ளிப்பூண் போட்ட பிரம்போடு முன்னால் நடக்கிறவர் தலைவர். முழங்கால் தேய்ந்து நடை போனதும் அந்தப் பிரம்பைச் சன்னாசி பிடித்தான். ஒரு காலத்தில் பெரட்டுக்குப் பிந்தி வந்தான் என்று அத்தனை பேர் பார்க்க இவர் விரட்டிவிட்ட அதே சன்னாசி. கிழவருக்கு முழங்காலைவிட அது நொந்தது. முறை வரும்வரை காத்துக்கிடந்து, ஆஸ்பத்திரியில் காலை அறுக்கக் கொடுத்ததே இந்த வருஷத் தேருக்கு முன்னால் நடக்கத்தான்.

கலாராணியும் அந்த முழங்காலைத்தான் நம்பியிருந்தாள். "அப்பா நடக்கத் தொடங்கட்டும் கலா," என்று புவனேந்திரன் போனில் சொல்லியிருந்தான். "தேரு முடிஞ்ச கையோட ஒன்னய இங்க கூட்டிக்கிட்டு வந்துர்றேன். பக்கத்துலயே தையல் கடையில ஆள் கேக்குறாங்க. நாம மூணு பேரும் ஒண்ணா இருக்கலாம்." வெயிலும் சத்தமுமான அந்த ஊரை அவள் ஒரேயொரு தடவைதான் பார்த்திருந்தாள். அங்கே யாருக்கும் அவளைத் தெரியாது. அது போதும் என்றிருந்தது.

ஆகவே அவள் சொன்ன பொய் அவளுடைய காலையும் சேர்த்துத்தான் கட்டியது. அவளுக்கு அது தெரியும். தெரிந்துகொண்டுதான் தகரப் பெட்டியைத் திறந்து, அடியில் கிடந்த தலையணையை எடுத்தாள்.

இலவம்பஞ்சுத் தலையணை. பூப்போட்ட உறை மங்கிப் போயிருந்தது. ஜீவன் பிறந்தபோது அவள் அம்மா ஸ்பிரிங்வெளியிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. பிள்ளை பெற்றவளுக்குப் பச்சை உடம்பு, நாற்பது நாள் தரையில் கால் பாவக் கூடாது, இடுப்புக்கு அணையாக இதை வைத்துக்கொள் என்று சொல்லி வைத்துவிட்டுப் போனாள். அம்மா போய் ஒரு ராத்திரிதான் ஆகியிருந்தது, அடுத்த நாள் காலை கங்காணி அறை வாசலில் நின்றார்.

"எந்திரி."

கொழுந்து கொப்பளித்து வந்த காலம் அது. மலையில் ஆள் குறைவு. காய்ச்சல் என்று ஒருத்தி நின்றுவிட்டாள். தாய் செத்துப் போனாள் என்று பக்கத்து வீட்டுப் பெரியாயி நின்றுவிட்டாள். பிள்ளைப்பேற்று லீவு எல்லோருக்கும் உண்டு, துரை யாரையும் கூப்பிடச் சொல்லவில்லை. தன் ஆட்களில் ஒரு தலை குறைந்தால் தன் தலையே குறைந்த மாதிரி கங்காணிக்கு. லீவிலும் அன்றாடக் கைக்காசுக்குப் பறிக்கிறாள் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று மருமகளைக் கொண்டுபோய் நிரையில் நிறுத்தினார். நிறுத்திவிட்டு லயத்துப் பக்கம் திரும்பி, இரண்டு மலைக்குக் கேட்கிற மாதிரி கத்தினார்.

"இந்தா, எம் மருமவளே பச்ச ஒடம்போட நெரையில நிக்கிறா! ஒங்களுக்கெல்லாம் என்னடி கேடு?"

காய்ச்சல்காரி வந்தாள். பெரியாயி தாயைப் புதைத்த ஈரம் காயாமல் வந்தாள். மழை பிடித்துக்கொண்டது. கலாராணியின் காலில் வழிந்தது மழை மட்டும் இல்லை என்று பக்கத்து நிரைக்காரி பார்த்துச் சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. கருப்பை இறங்கிவிட்டது என்று பின்னால் ஒரு நர்ஸ் சொன்னாள். அதன் பிறகு இருமினாலும் கூடை தூக்கினாலும் துணி நனையும். இடுப்பில் இறுக்கிக் கட்டிய படங்குச் சாக்கையும் மீறி ஒருநாள் எல்லோருக்கும் தெரிந்தது. கங்காணி அதற்கும் ஒரு பேர் வைத்தார். ஒழுகுற வாளி. மலை சிரித்தது. தங்களுக்கும் ஆளுக்கொரு பேர் இருந்ததால் மற்றப் பெண்களும் கொஞ்சம் நிம்மதியாகவே சிரித்தார்கள்.

அந்தத் தலையணையை அவள் கங்காணியின் முழங்காலுக்கு அடியில், காயம் நோகாமல், பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி வைத்தாள்.

"ஆஆ," என்றார் கங்காணி. "இப்பத்தான்டி உசுரு வந்துச்சு."

லயத்துப் பெண்கள் பார்க்க வந்தார்கள். கத்தி பட்ட உடம்பும் பிள்ளை பெற்ற உடம்பும் ஒன்றுதான் அவர்களுக்கு. இரண்டும் பச்சை உடம்பு. காற்றுப் படக் கூடாது, தண்ணீர் படக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது. ஒருத்தி பூண்டு கொண்டுவந்தாள். ஒருத்தி நல்லெண்ணெய் கொண்டுவந்தாள். கங்காணி இஸ்தோப்பை ஒட்டிய கட்டிலில் போர்வையை நெஞ்சுவரை இழுத்துக்கொண்டு, பெரட்டு எடுக்கிற மாதிரி ஒவ்வொருத்தியாகப் பார்த்தார்.

"எந்திரிச்சிறாதீங்க கங்காணியாரே. பச்ச ஒடம்பு," என்றாள் ஒருத்தி.

"எனக்குச் சொல்லணுமா? எங்க வீட்டுல பச்ச ஒடம்புன்னா நாப்பது நாளும் தரையில கால் படாது. எம் பொண்டாட்டிக்கும் அப்பிடித்தான். இந்தா நிக்கிறாளே, எம் மருமவ, இவளுக்கும் அப்பிடித்தான் பாத்தேன். கேட்டுப் பாருங்க."

குசினியில் மிளகு அரைத்துக்கொண்டிருந்த கலாராணியின் கை நின்றது. பெண்கள் தரையைப் பார்த்தார்கள். கிழவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் ஞாபகம் இருந்தது. அவள் அம்மியை மறுபடி இழுத்தாள்.

தையல் பிரிக்கப் பக்கத்து டவுனுக்கு ஆட்டோவில் கொண்டுபோனாள். அங்கே காயத்தைப் பார்த்தார்கள், ஆறிவிட்டது என்றார்கள், அவ்வளவுதான். பதுளைக்கு வாராவாரம் கூட்டிவரச் சொன்ன பேச்சை அவள் யாரிடமும் எடுக்கவில்லை. கக்கூசுக்கு என்று நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கதிரையைக் கட்டிலோடு ஒட்டி வைத்தாள். அவர் எழுந்து நடக்கக் காரணம் எதுவும் மிஞ்சவில்லை. வாக்கர் கதவு மூலையில் நின்றது. அவள் அதில் ஈரத்துணி காயப் போட்டாள்.

பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது பெரியாயி பக்கத்தில் வந்து நின்றாள். அறுபதைத் தாண்டியவள். தாடையில் பல் இல்லாததால் எப்போதும் எதையோ ருசி பார்க்கிற முகம்.

"ஏ புள்ள. கங்காணி காலுக்கு அடியில வச்சிருக்கியே, அது ஒன்னோட புள்ளப்பேத்துத் தலவாணி இல்ல?"

"ஆமாக்கா."

"பண்டாரவளையில என் தங்கச்சி மருமவனுக்கும் இதே ஆப்பரேசன்தான். மறுநாளே நடக்கவிட்டாங்களாம். கத்திக் கூப்பாடு போட்டானாம். இப்ப பந்து அடிக்கிறான்."

கலாராணி குடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கழுத்து வரைக்கும் வந்து வழிந்தது. எடுக்கவில்லை.

பெரியாயி அவள் முகத்தைப் பார்த்தாள், குடத்தைப் பார்த்தாள். பிறகு அவளே குடத்தைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்தாள்.

"எங்காத்தாவப் பொதச்ச கையோட நெரைக்கு வந்தன்னைக்கு மழ எப்பிடிப் பேஞ்சுச்சு, ஞாபகம் இருக்கா?" என்றாள். "சரி சரி. நல்லாப் பாத்துக்கடி கங்காணிய. பூண்டு முடிஞ்சா கேளு, எங்கிட்ட நெறைய கெடக்கு."

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை ஜீவன் போன் எடுத்தான். "அம்மா, தையல் கடைக்காரரு கேட்டுக்கிட்டே இருக்காரு. தாத்தா நடக்குறாரா? அப்பா ரூம்பு பாத்துட்டாரும்மா. சன்னலத் தொறந்தா ரயிலு தெரியும்."

ரயில் தெரியும். போனை வைத்த பிறகும் அந்தச் சன்னல் அவள் கண்ணில் நின்றது. கிழவரின் போர்வையை விலக்கி முழங்காலைப் பார்த்தாள். கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியின் அடிக்கட்டை போல, தோல் உரிந்து, முறுக்கி, தலையணையின் வளைவை அப்படியே வாங்கிக்கொண்டு கிடந்தது. கவ்வாத்துச் செடியென்றால் துளிர்க்கும். இது துளிர்க்காது. இன்னும் காலம் இருக்கிறதோ என்னவோ. தலையணையை உருவினாள்.

"என்னடி பண்ற?"

"எந்திரிங்க மாமா. இனிமே நடக்கலாம்னு சொல்லியிருந்தாங்க."

"எவ சொன்னா?"

"மிஸ்தான். வாங்க, என்னயப் புடிங்க. தேருக்கு முன்னால நடக்கணும்ல?"

தேர் என்றதும் கிழவர் எழுந்தார். வாக்கரிலிருந்த துணியை உதறிப் போட்டு அதைக் கையில் கொடுத்தாள். கால் தரையில் பட்டதும் அவர் போட்ட சத்தத்தில் கூரையில் இருந்த காகம் பறந்தது. கால் நீளவில்லை. குதிகால் தரைக்கு வராமல் முன்விரல் மட்டும் தொட்டது. அவள் அவர் கையிடுக்கில் தோளைக் கொடுத்து நிமிர்த்தினாள். அடிவயிறு இழுத்தது. துணி நனைவது தெரிந்தது. விடவில்லை.

"கொஞ்சம் மாமா. வாசல் வரைக்கும். இந்தா வந்துட்டீங்க."

ஓர் அடி. இன்னோர் அடி. வியர்வை அவர் மூக்கு நுனியில் தொங்கியது. நடந்தார், உண்மையாகவே நடந்தார். இப்படித் தினமும் நடந்தால் போதும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து அரைநாள் வேலை முடிந்து பெண்கள் கொழுந்துக் கூடைகளோடு லயத்துப் பாதையில் வந்தார்கள். வாசலில் ஒரு பெண்ணின் தோளில் தொங்கிக்கொண்டு, வேட்டி நழுவ, மூக்கு ஒழுக நின்ற கங்காணியைக் கண்டு நின்றார்கள்.

கங்காணிக்கு முகம் கோணியது. வலியா வெட்கமா தெரியவில்லை. கையில் இருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தார்.

"விடுடி கைய! நீ எனக்கு நட சொல்லித் தர்றியா? ஒழுகுற வாளி!"

வருஷக்கணக்காக யாரும் சொல்லாதிருந்த பேர். பின்னால் நின்ற இளம்பெண் ஒருத்தி, பேரின் கதை தெரியாத புதுக் கலியாணக்காரி, களுக்கென்று சிரித்தாள்.

கலாராணி மாமனாரை மெல்லத் திருப்பினாள். ஒவ்வோர் அடியாகக் கட்டிலுக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தாள். காலைத் தூக்கினாள். கீழே கிடந்த தலையணையைத் தட்டி, பஞ்சைப் பரத்தி, அதே இடத்தில் வைத்தாள்.

"வேணாம் மாமா," என்றாள். குரல் மெத்தென்றிருந்தது. "நீங்க படுங்க. எனக்குத்தான் அவசரம்."

அன்றிலிருந்து அவள் அவரைக் கவனித்துக்கொண்ட மாதிரி அந்தத் தோட்டத்தில் யாரும் யாரையும் கவனித்ததில்லை. கஞ்சியை ஊதி ஊட்டினாள். முதுகு துடைத்துவிட்டாள். ஈ வந்தால் விசிறினாள். பக்கத்து வீடுகளில் மாமியார்கள் மருமகள்களைத் திட்ட அவள் பேரை எடுத்தார்கள். கங்காணி பூசணிக்காய் மாதிரி ஆனார்.

கிளினிக் நாள் வந்தது. டொக்டர் காலைப் பிடித்து நிமிர்த்தப் பார்த்தார், மடக்கப் பார்த்தார். கிழவர் அலறினார். டொக்டர் கையெடுத்துவிட்டு, பக்கத்தில் நின்ற தமிழ் தெரிந்த நர்ஸிடம் சிங்களத்தில் கோபமாகப் பேசினார். ஸிஹாமா என்ற அந்த நர்ஸ் பதுளை டவுன்காரி. தலைமூடியைச் சரிசெய்துகொண்டு கங்காணியைப் பார்த்துக் குனிந்தாள்.

"என்ன ஐயா இது? ஊட்டுல நடக்கவே இல்லியா நீங்க? காலு இறுகிப் பெய்த்தே. தலகாணி வெச்சீங்களா?"

"வச்சேம்மா. சொகமா இருந்துச்சு."

"வெக்க வாணாம்னு பிசியோ மிஸ் சொல்லீக்கிறாங்க தானே? நடக்கணும், மடக்கணும், வாராவாரம் வரணும்னு எல்லாம் சொல்லீக்கிறாங்க. இனி ஒண்ணும் செய்ய ஏலாதாம் ஐயா. மயக்கி வெச்சு வளச்சுப் பார்க்கலாம், ஒங்கட நெஞ்சு அதத் தாங்காதுன்னு டொக்டர் சொல்றாரு." கலாராணியைப் பார்த்ததும் அவள் குரல் இளகியது. "பாவம், ஒங்கள ஏச ஏலாது. சிங்களத்துல சொன்னா எப்பிடி வெளங்கும். தோட்டத்துல பச்ச ஒடம்புன்னு படுக்க வெச்சிருப்பாங்க."

கங்காணி மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

"அவளுக்குச் சிங்களம் நல்லாத் தெரியும்மா," என்றார். "சிங்கள வீட்டுல வளந்தவ."

ஸிஹாமா கலாராணியைப் பார்த்தாள். கலாராணி தன் செருப்பைப் பார்த்தாள். அடுத்த ஆளின் பேரை வெளியே கூப்பிட்டார்கள்.

ஆட்டோவில் திரும்பும்போது அவர் எந்த வளைவிலும் கத்தவில்லை. வீட்டுக்கு வந்து படுக்க வைத்ததும், அவள் எடுத்து மூலையில் போட்டிருந்த தலையணையைக் கையால் காட்டினார். அவள் தயங்கினாள்.

"வை. இனி என்னாத்துக்கு ஒளிச்சு வக்கிற?"

வைத்தாள்.

"எதுக்குடி செஞ்ச?"

"பச்ச ஒடம்பு மாமா," என்றாள்.

அவருக்கு விளங்கவில்லை. நெற்றியைச் சுருக்கி யோசித்தார். அவர் நடிக்கவில்லை என்பதைக் கண்டுகொண்டதும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். சொன்னாள். ஜீவன் பிறந்தது, அம்மா தலையணை கொண்டுவந்தது, மழை, நிரை, காலில் வழிந்தது, அதன் பிறகு அவர் வைத்த பேர். வாழ்நாளில் அவரிடம் அவள் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

கங்காணி கடைசிவரை கேட்டார்.

"அதுக்கா?" என்றார்.

"அன்னைக்கு எல்லாப் பொம்பளையுந்தானே வந்தாளுக," என்றார் தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி. பிறகு அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. கலாராணிக்குத் தெரிந்த சிரிப்பு. அரைப்பேர் போடும்போது சிரிக்கிற சிரிப்பு.

"பயப்படாத புள்ள," என்றார் மெத்தென்ற குரலில். "எம் மவங்கிட்ட நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

தேர் அன்று புவனேந்திரன் லீவில் வந்திருந்தான். தகப்பனின் காலைப் பார்த்து அழுதான். டொக்டர்மார் ஏதோ பிழையாகச் செய்துவிட்டார்கள் என்று தானாகவே முடிவு கட்டிக்கொண்டான். யாரும் மறுக்கவில்லை. அவன் பெட்டியில் கலாராணிக்கு ஒரு புதுச் செருப்பு இருந்தது. கொழும்பில் நடக்க என்று வாங்கியது.

தப்பு மேளச் சத்தம் கீழ் லயத்தைத் தாண்டி ஏறி வந்தது. தேர் இவர்கள் வாசலுக்கு நேரே வந்ததும் தலைவருக்கு மரியாதை என்று நிறுத்தினார்கள். கங்காணியைக் கதிரையோடு தூக்கி இஸ்தோப்பில் வைத்திருந்தார்கள். வளைந்த கால் ஒரு முக்காலியில், தலையணைமேல் இருந்தது. சன்னாசி பிரம்போடு வந்து குனிந்தான். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. கிழவர் நொந்துகொள்வார், அழுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

"நீயே நடடா சன்னாசி," என்றார் கங்காணி. "எனக்கென்ன கொறச்சல்? எனக்கு இங்கனயே எல்லாம் நடக்குது." தலையைத் தூக்கினார். பெரட்டுக்களத்துக் குரல் அப்படியே இருந்தது. தப்பு அடிக்கிறவர்கள் கையை நிறுத்தினார்கள். "எல்லாரும் கேட்டுக்கங்க! இந்தா நிக்கிறா பாரு, எம் மருமவ. தங்கம். ஒரு நிமிசம் என்னய விட்டு அசையமாட்டா. எம் மவன் கொழும்புக்குக் கூப்பிடுறான், மாமாவ இப்பிடிப் போட்டுட்டு வரமாட்டேன்னு சொல்லிட்டா. நான் கண்ண மூடுற வரைக்கும் இங்கதான். பாத்துப் படிச்சுக்கங்கடி! என்ன புள்ள? அம்மனுக்கு முன்னால நீயே சொல்லு."

நூறு கண்கள் அவள் பக்கம் திரும்பின. மருமகள்களின் கண்கள் எரிச்சலோடு, மாமியார்களின் கண்கள் ஆசையோடு. தேரில் அம்மன் எலுமிச்சை மாலையும் எண்ணெய் முகமுமாக இருந்தாள். பெரியாயி கூட்டத்தின் ஓரத்தில் நின்று வாயை மென்றுகொண்டிருந்தாள். கலாராணியின் பார்வை பட்டதும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். மழை இல்லை. இருந்தும் கலாராணிக்குக் காலில் ஏதோ வழிவது போலிருந்தது. அன்று பச்சை உடம்போடு அவளை நிரையில் நிறுத்தி ஊருக்குக் காட்டியதும் இதே குரல்தான்.

"ஆமாங்க மாமா," என்றாள்.

பெண்கள் குலவையிட்டார்கள். புவனேந்திரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்தான். "நீ ஏன் எங்கிட்ட மொதல்லயே சொல்லல கலா?" என்றான். "பரவால்ல. தையல் கடைக்காரருகிட்ட நான் சொல்லிர்றேன். ரூம்பையும் விட்டுர்றேன். எனக்கும் ஜீவனுக்கும் கடையிலயே படுக்க எடம் இருக்கு." அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த நாள் காலை பஸ்ஸுக்கு அவன் போய்விட்டான். புதுச் செருப்பைக் கலாராணி தகரப் பெட்டியில், தலையணை இருந்த இடத்தில் வைத்தாள். அடுப்பைப் பற்ற வைக்கக் குனிந்தபோது இஸ்தோப்பிலிருந்து கூப்பாடு வந்தது.

"கலா!"

போனாள். கங்காணி கதிரையில் இருந்தார். அவருடைய கைக்குப் பக்கத்தில், ஸ்டூலின் மேல், அவள் கொஞ்சம் முன்னால் வைத்துவிட்டுப் போன தேத்தண்ணிக் கோப்பை இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் ஒரு விரலால் அந்தக் கோப்பையைத் தள்ளினார். மெதுவாக, சிந்தாமல், தன் கை எட்டாத ஸ்டூலின் மறு ஓரம் வரைக்கும்.

"தேத்தண்ணி எட்டல," என்றார்.